கொண்டல் மழை எங்கே பெய்கிறது, எங்கே ஏமாற்றுகிறது? – வாசகர் கேள்வி பதில்

ஐப்பசி பிறந்தால் கொங்கு வாசகர்களின் கடிதங்கள் மழையையும் பனியையும் சுற்றியே வரும். ஒரே மாநிலம், ஒரே பருவம், ஆனால் நீலகிரியின் கேத்தியில் கொட்டுவதும் காங்கேயத்தில் தூறுவதும் வேறு வேறு. இந்த முறை வந்த கேள்விகளில் வெள்ளாமை, ஆடு, அணை, மலைப்பயணம் எல்லாமே இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது: காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, மலை எந்தப் பக்கம் நிற்கிறது?

டிவியைப் போட்டா சென்னையில வெள்ளம், நாகையில வெள்ளம், பள்ளிக்கூடம் லீவுன்னு ஓடுது. எங்க ஊர்ல தூறலோட சரி. இதுவும் அதே வடகிழக்குப் பருவமழைதானுங்களே, ஏனுங்க இப்படி?
– வாசகர், பல்லடம்

அதே பருவமழைதான். ஆனால் உங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் அந்தக் காற்று ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நிலத்தைக் கடந்திருக்கும். வங்கக் கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் கொண்டல் காற்று, பெரும்பங்கைக் கடலோரத்திலேயே இறக்கிவிடுகிறது. மிச்சத்தோடு உள்ளே வந்தால் கல்வராயன், சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று மலைகள் நிற்கின்றன. அவற்றின் கிழக்குச் சரிவுகள் தங்கள் பங்கை வாங்கிக்கொள்ளும். அதற்கப்புறம்தான் நாமக்கல், கரூர், காங்கேயம், பல்லடம். ஆடி மாதத்தில் வரும் தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துவிடுகிறது. ஆக, இரண்டு பருவத்திலும் மறைவில் நிற்கிற நிலம் இது.

அளவில் பார்த்தால் தமிழகத்தின் சராசரி ஆண்டு மழை 92 செ.மீ. அளவில் இருக்கிறது. அதில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் கிடைக்கிறது. சென்னைக்கு இந்த மூன்று மாதத்தில் மட்டும் 80 செ.மீ.க்கு மேல். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களுக்கு அதே காலத்தில் 30 செ.மீ.யை ஒட்டித்தான். எனவே "வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட அதிகம்" என்ற செய்தியை மாநிலக் கணக்காகப் படித்தால் கொங்கு விவசாயி ஏமாறுவார். அந்த வரியில் உங்கள் மாவட்டத்தின் எண் என்ன என்று பார்க்க வேண்டும்.

தூரம் மட்டுமே காரணம் என்றும் எண்ண வேண்டாம். தாழ்வு மண்டலம் எங்கே கரையேறுகிறது, ஏறிய பின் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்ற இரண்டும் அதைவிட முக்கியம். ஆந்திரக் கரையை நோக்கிப் போகும் புயல் ஈரக்காற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நமக்கு வடமேற்கிலிருந்து வறண்ட காற்றுதான் கிடைக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையை மூழ்கடித்துவிட்டுப் பாபட்லா அருகே கரை கடந்தது. அந்தப் பாதையில் போகும் புயலிடம் கொங்கு எதையும் எதிர்பார்க்கக் கூடாது. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் ஏறி, திண்டுக்கல் வழியாகக் கேரளத்தைத் தாண்டி அரபிக்கடலுக்குப் போனது. இப்படி மாநிலத்தைக் குறுக்கே வெட்டிப் போகிறவைதான் உள்மாவட்டங்களுக்கு மழை தரும். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் இன்னொரு வகை. கரையேறிய பின் நகராமல் நின்று, மெதுவாக மேற்கே ஊர்ந்ததால் கடலுக்கு வெகுதூரத்தில் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது.

ஆகவே செய்தியில் புயல் என்றதும் இரண்டைக் கேளுங்கள். நாகை–கடலூர் இடையே வருகிறதா, நெல்லூருக்கு மேலே போகிறதா? கரை கடந்த பின் வலுவிழந்து எந்தத் திசையில் நகரும் என்கிறார்கள்? முதலாவதற்கு "நாகை–கடலூர்", இரண்டாவதற்கு "மேற்கு நோக்கி" என்று பதில் வந்தால் கிணற்று மேட்டு வாய்க்காலைச் சுத்தம் செய்து வைக்கலாம்.

இன்னொரு வேறுபாடும் வேலைக்கு உதவும். கடலோரத்தில் இந்தப் பருவமழை பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும் வலுக்கும். கொங்கில், குறிப்பாக அக்டோபரில், காலை வெயில் ஏறி, பிற்பகலில் மேகம் திரண்டு, மாலை மூன்று மணிக்கு மேல் இடியோடு இறங்கும். ஒரு ஊரில் கொட்டி, பக்கத்து ஊரில் மண் நனையாமல் போவது இந்த இடிமழையின் குணம். மருந்தடிப்பு, உரம் வைப்பு எல்லாவற்றையும் முற்பகலிலேயே முடித்துவிடுவது நல்லது.

நவம்பர்ல கோத்தகிரி, குன்னூர்ல மண்சரிவு. அதே நேரத்தில கூடலூர்ல வெயில் அடிக்குது. ஒரே மாவட்டம்தானுங்களே?
– வாசகர், மேட்டுப்பாளையம்

நீலகிரியை ஒரே மழைப்பகுதியாக நினைப்பதுதான் தவறு. தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து மோதும். கூடலூர், தேவாலா, அவலாஞ்சி, மேல்பவானி பக்கம் அப்போது கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகையில் காற்று கிழக்கிலிருந்து வந்து மோதும்போது கோத்தகிரி, குன்னூர், கேத்தி, பர்லியாறு, கல்லாறு சரிவுகள் நேரே முகம் கொடுக்கின்றன. அப்போது கூடலூர் மலைக்குப் பின்னால் மறைந்து நிற்கிறது. 2009 நவம்பரில் 40 பேருக்கு மேல் உயிரிழந்த மண்சரிவுகள் இந்தக் கிழக்குப் பக்கத்தில்தான் நேர்ந்தன. ஊட்டி நடுவில் இருப்பதால் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கும்.

உங்கள் ஊர் அந்தச் சரிவுகளின் அடிவாரம். மேட்டுப்பாளையத்தில் வானம் வெளுத்திருந்தாலும் குன்னூர் மேலே கருத்திருந்தால், குன்னூர் ஆறும் கல்லாறும் ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் செந்நீராகப் பெருகி வரலாம். பாலத்துக்கு அடியில் துணி துவைப்பது, ஆற்றுப் பரப்பில் வண்டி கழுவுவது இரண்டையும் அந்த நாட்களில் கண்டிப்பாக விட்டுவிடுங்கள். நவம்பரில் மலை ரயிலில் முன்பதிவு செய்பவர்கள் பாறை விழுந்து ரத்தாகும் வாய்ப்பையும் கணக்கில் வைத்து, பேருந்துக்கு நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

"கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை, கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை" என்கிறார்களே, அதை நம்பி விதைக்கலாமா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

கொங்குக்கு அந்தப் பழமொழி பெரும்பாலும் சரி. இங்கே பருவமழையில் அக்டோபரின் பங்குதான் பெரிது, நவம்பர் அடுத்தது. டிசம்பரில் மூன்று மாத மழையில் ஐந்தில் ஒரு பங்கு வந்தாலே பெரிய விஷயம். மானாவாரி விதைப்பை ஐப்பசிக்குள் முடித்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதற்கு இதுதான் கணக்கு.

தெற்கிலும் டெல்டாவிலும் அதை நம்பினால் நட்டப்படுவீர்கள். 2023இல் மார்கழி பிறந்த அன்றுதான் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் மழை தொடங்கி ஒரே நாளில் 95 செ.மீ. தொட்டது. 2021 ஜனவரியில், பொங்கல் நேரத்தில், டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா நெல் சாய்ந்து முளைத்தது. குமரிக்கடல் பக்கம் காற்றுச் சுழற்சி நிற்கும் வரை தென்கோடிக்கு மழை முடிந்ததாகச் சொல்ல முடியாது.

உங்கள் பகுதியில் மார்கழி மழை அரிது என்றாலும், வந்தால் கெடுதல் அதிகம். காய்ப்பில் நிற்கும் பயறு, அறுத்துப் போட்ட சோளத்தட்டு, களத்தில் கிடக்கும் மக்காச்சோளம் எல்லாம் அப்போதுதான் வெளியில் இருக்கும். டிசம்பர் கடைசி வரை ஒரு தார்ப்பாயைக் களத்திலேயே வையுங்கள்.

ஊட்டியில பனி பொழியுதுன்னு படம் போடறாங்க. புல்வெளியெல்லாம் வெள்ளையா இருக்குது. காஷ்மீர் மாதிரி வானத்திலிருந்து விழுமுங்களா? எப்பப் போனா பார்க்கலாம்?
– வாசகி, ஈரோடு

வானத்திலிருந்து விழுவதில்லை. அந்த வெள்ளை, இரவில் புல்லின் மேலேயே உருவாகும் உறைபனி. இமயமலையில் குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழற்சிகள் மேகத்தைக் கொண்டுவரும்போது, மேகம் முதல் தரை வரை காற்று உறைநிலைக்கு அருகில் இருப்பதால் பனித்துகள் உருகாமல் இறங்குகிறது. நம் வானத்தில் உறைநிலை ஏறத்தாழ 4,500 முதல் 5,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். மேகத்தின் மேல்பகுதியில் பனித்துகள் உருவானாலும், நம் மலை உச்சியைத் தொடுவதற்கு முன் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் உருகும் காற்றில் இறங்க வேண்டும். அதனால் மழையாகத்தான் வரும். ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டி, கோத்தகிரியில் தரை வெள்ளையாகக் கிடக்கும் படங்கள் ஆலங்கட்டி மழை. கட்டி பெரிதாக இருப்பதால் முழுதும் உருகுமுன் தரைக்கு வந்துவிடுகிறது.

உறைபனிக்கு மூன்று சேர வேண்டும்: மேகமில்லாத வானம், அசையாத காற்று, வறண்ட காற்று. அப்போது தரை தன் சூட்டை விரைவாக வானத்துக்கு விட்டுவிடும். வெப்பமானியை ஆள் மார்பு உயரத்தில் ஒரு பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். அது 3 அல்லது 4 டிகிரி காட்டும்போதே புல்நுனி பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவிலிருந்து வழிந்து பள்ளத்தில் தண்ணீர்போலத் தேங்கும். அதனால்தான் தொட்டபெட்டா உச்சியைவிடத் தாழ்ந்த தலைக்குந்தா, காந்தள், குதிரைப் பந்தய மைதானம், அவலாஞ்சி போன்ற பள்ளத்தாக்குகளில் உறைபனி அடர்த்தியாகப் படியும்.

மலை மக்கள் முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி என்பார்கள். நவம்பரில் புல் நனையும், டிசம்பர் பாதிக்கு மேல் வெளுக்கும். ஜனவரி முழுதும் நல்ல வாய்ப்பு, பிப்ரவரி தொடக்கம் வரை உண்டு. தேதியைவிட வானத்தைப் பாருங்கள். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் இருக்கும் நாட்களில் மலைமேல் மேகம் மூடியிருக்கும், உறைபனி வராது. மழை விட்டு, இரவில் நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்து, முந்தைய மாலை காற்றும் அடங்கியிருந்தால் மறுநாள் விடியலில் காணலாம். ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். வெயில் பட்ட ஒரு மணி நேரத்தில் ஒன்றும் இருக்காது. எட்டு மணிக்குக் கோவையிலிருந்து கிளம்பிப் போய் ஏமாந்து திரும்புகிறவர்களே அதிகம், முதல் நாளே தங்கிவிடுங்கள். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை வந்துள்ளது, அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வண்டிக் கண்ணாடியில் பனி உறைந்திருந்தால் வெந்நீர் ஊற்றக் கூடாது, கண்ணாடி விரிசல் விடும். எஞ்சினை ஓடவிட்டுச் சூடான காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டுங்கள்.

கோவை கடல்மட்டத்திலிருந்து 411 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை டிகிரி என்று வைத்தால் 12 டிகிரி வித்தியாசம். சமவெளிக் கொங்கில் உறைபனி வராததற்கு இந்தக் கணக்கே போதும்.

பள்ளத்துல காய்கறியும் கொஞ்சம் இளந்தேயிலையும் இருக்குதுங்க. ராத்திரி ஸ்பிரிங்ளர் போட்டும் போன வருஷம் கருகிப்போச்சு. எங்கே தப்பு?
– விவசாயி, ஊட்டி அருகே

பெரும்பாலும் நிறுத்திய நேரத்தில்தான் தப்பு இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 80 கிலோ கலோரி வெப்பம் வெளிவரும். இலையைக் காப்பாற்றுவது அந்த வெப்பம். அதே ஒரு லிட்டர் ஆவியாகப் போனால் 600 கிலோ கலோரி வரை உறிஞ்சிக்கொண்டு போகும். இலை நனைந்த நிலையில் நீரை நிறுத்திவிட்டால், நனைக்காத இலையைவிட அது அதிகமாகக் குளிரும். மின்சாரம் போகும் இடத்திலும், கிணறு நடு இரவில் வற்றும் இடத்திலும் இந்த முறையைத் தொடங்கவே கூடாது.

தொடங்குவதானால் இப்படிச் செய்யுங்கள். ஒரு சாதாரண வெப்பமானியைச் செடி உயரத்தில், பள்ளத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில் கட்டுங்கள். அது 2 டிகிரிக்கு இறங்கியதும் நீரைத் திறவுங்கள். மணிக்கு இரண்டரை முதல் 3 மி.மீ. விழ வேண்டும். ஒரு ஏக்கருக்கு அது மணிக்கு 10,000 முதல் 12,000 லிட்டர். தெளிப்பான் சுற்றும் இடைவெளி ஒரு நிமிடத்துக்குள் இருக்கட்டும். விடிந்து, வெயில் ஏறி, இலைமேல் உள்ள பனிக்கட்டி தானாக உருகி உதிரும் வரை நிறுத்தக் கூடாது. இடையில் பனிக்கட்டி கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தால் நீர் போதுகிறது. பால்போல வெளுத்தால் போதவில்லை.

அத்தனை நீர் இல்லாதவர்களுக்கு வேறு வழி உண்டு. பகலிலேயே மண்ணை நன்றாக நனைத்து வையுங்கள். ஈரமண் பகல் சூட்டைப் பிடித்து வைத்து இரவில் மெதுவாக விடும். உறைபனிக் காலத்தில் மூடாக்கை, அதாவது மண்ணை மூடிப் போட்ட தழையை, ஓரமாக ஒதுக்குங்கள், அது மண் சூடு மேலே வருவதைத் தடுக்கிறது. இளந்தேயிலையைப் பெரணித் தழையாலும், நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் செடியாலும் மாலையில் மூடலாம். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளுக்கு மிலார்தான் போர்வை. பிளாஸ்டிக் தாள் போட்டால் இலையைத் தொடாதபடி குச்சி நட்டுத் தூக்கிக் கட்டுங்கள். தொட்ட இடம் எல்லாம் கருகும். தோட்டத்தின் கீழ்ப்புறம் அடர்ந்த வேலி இருந்தால் குளிர்காற்று வழிந்து வெளியேற ஓர் இடைவெளி வெட்டிவிடுங்கள். இதைச் செய்யாமல் மற்றதைச் செய்வது பாதி வேலைதான்.

கருகிய தேயிலையைப் பார்த்த உடனே கவாத்து செய்யாதீர்கள். புதுத்துளிர் அடுத்த உறைபனியில் மாட்டும். பிப்ரவரி தாண்டட்டும்.

எங்க பெரியவங்க "ஓர் உழவு மழை", "ரெண்டு உழவு மழை"ன்னு சொல்லுவாங்க. அதை மில்லிமீட்டர்ல எப்படிங்க கணக்குப் போடறது? வீட்டிலேயே அளக்க முடியுமா?
– வாசகர், காங்கேயம்

உழவு மழை என்பது மண் எவ்வளவு ஆழம் நனைந்தது என்பதன் கணக்கு. பெய்த அளவு ஒன்றாக இருந்தாலும் மண்ணுக்கு மண் மாறும். காய்ந்த செம்மண்ணில் 25 மி.மீ. மழை ஏறத்தாழ முக்கால் அடி வரை இறங்கும். கரிசலில் அரை அடிகூட இறங்காது. அதனால் கம்பியை மண்ணில் குத்தி ஈரம் பார்க்கும் பழக்கத்தை விடாதீர்கள். ஆனால் பக்கத்தில் ஒரு மழைமானியும் இருக்கட்டும்.

செய்வது எளிது. 11.3 செ.மீ. வாய் விட்டமுள்ள புனல் ஒன்றை வாங்குங்கள். அதன் வாய்ப்பரப்பு 100 சதுர செ.மீ. வரும். அதை ஒரு கேனில் பொருத்தி, விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் மட்டமாக இருக்கும்படி புதையுங்கள். தினமும் காலை 8.30க்கு, அதாவது வானிலைத் துறை அளக்கும் அதே நேரத்தில், சேர்ந்த நீரை மருந்துக்கடை அளவுக் குவளையால் அளந்து பாருங்கள். 10 மில்லிலிட்டர் என்றால் 1 மி.மீ. மழை. வேறு அளவுப் புனல் என்றால் மில்லிலிட்டரைப் பத்தால் பெருக்கி, வாய்ப்பரப்பால் வகுங்கள். கேன் ஒரு நாளைக்கு 2 லிட்டராவது கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பெருமழை அன்று வழிந்துவிடும்.

தவறு நேர்வது பெரும்பாலும் இடத்தேர்வில். தென்னைக்கு அடியிலோ வீட்டு ஓரத்திலோ வைத்தால் எண் பொய் சொல்லும். பக்கத்தில் உள்ள மரத்தின் அல்லது சுவரின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். வெயிலில் ஆவியாகாமல் இருக்க கேனின் அடிப்பகுதி மண்ணுக்குள் இருக்கட்டும், மேற்பகுதி வெயில் படாமல் மறைந்திருக்கட்டும். புனலில் இலை, குருவி எச்சம் அடைக்காமல் ஒரு வலைத்துண்டு போடுங்கள்.

1 மி.மீ. மழை என்றால் ஓர் ஏக்கருக்கு 4,000 லிட்டர். 25 மி.மீ. என்றால் ஒரு லட்சம் லிட்டர். பம்ப்செட் எத்தனை மணி நேரம் ஓடினால் அந்த நீர் கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், பண்ணைக்குட்டை வெட்டுவதற்கு வேறு காரணம் தேவைப்படாது. இரண்டு மூன்று வருடம் எழுதி வைத்த நோட்டு, பக்கத்து நகரத்து மழை அளவைவிட உங்கள் காட்டுக்கு அதிகம் பயன்படும்.

பனிக்கடலை பனியிலேயே விளையுதுன்னு சொல்றது நிஜமுங்களா?
– விவசாயி, குடிமங்கலம்

பாதி நிஜம். ஒரு நல்ல பனி இரவில் இலையில் படியும் நீர் அரை மி.மீ.யைத் தாண்டாது, பெரும்பாலும் அதில் பாதிக்கும் குறைவு. இரண்டு மாதம் முழுதும் சேர்த்தாலும் ஒரு சின்ன மழைக்குத்தான் சமம். பனிக்கடலை என்கிற கொண்டைக்கடலையை வளர்ப்பது ஐப்பசி மழையில் உங்கள் கரிசல் பிடித்து வைத்த ஈரம். ஒரு மீட்டர் ஆழக் கரிசல் 150 முதல் 200 மி.மீ. வரை பயிருக்குக் கொடுக்கும். பனி செய்கிற உதவி வேறு: காலை பத்து மணி வரை இலை ஈரமாக இருப்பதால், அந்த நேரத்தில் செடி மண்ணிலிருந்து நீரை இழுக்கும் தேவை குறைகிறது.

ஆகவே மழையை நம்பித்தான் விதைப்பு நாளைத் தீர்மானிக்க வேண்டும். அக்டோபர் கடைசி முதல் நவம்பர் பாதிக்குள் விதைத்துவிடுங்கள். ஏக்கருக்கு 30 முதல் 36 கிலோ விதை போதும். கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து நேர்த்தி செய்தால் வேரழுகலும் வாடலும் குறையும். மேல்மண் காய்ந்திருந்தால் இரண்டு அங்குலத்துக்குச் சற்று ஆழமாக, ஈரத்தில் விதை உட்காரும்படி போடுங்கள். பூக்கும்போது மழை வந்தால் பூ கொட்டும், காய்ப்புழுவும் ஏறும். அதைத் தடுக்க வழியில்லை, புழுவை மட்டும் கவனிக்கலாம்.

சின்ன வெங்காயத்தில் மழைக்கு அப்புறம் பனி பிடித்ததும் தாள் கருகுகிறது. மருந்தடித்தும் நிற்கவில்லை.
– விவசாயி, பொங்கலூர்

நோய்க்கு வேண்டியது இலை எத்தனை மணி நேரம் நனைந்திருக்கிறது என்பதுதான். மாலையில் தண்ணீர் கட்டினால் அந்த ஈரமும் இரவுப் பனியும் சேர்ந்துவிடும். பாசனத்தைக் காலைக்கு மாற்றுங்கள். தெளிப்புநீர் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டு மாதம் சொட்டுநீருக்குப் போவது நல்லது. மான்கோசெப் பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு 2 கிராம் சரியான அளவுதான். ஆனால் வெங்காயத் தாளில் மெழுகுப் பூச்சு இருப்பதால் ஒட்டும் திரவம் சேர்க்காவிட்டால் மருந்து உருண்டு ஓடிவிடும். பனி உலர்ந்த பின் அடியுங்கள்.

மழை பேஞ்சதும் கொறங்காடு பச்சை கட்டுது. ஆடுகளை உடனே உள்ளே விடலாமுங்களா? போன பட்டத்துல வாயெல்லாம் புண்ணாகி நாலஞ்சு செத்துப்போச்சு.
– வாசகர், தாராபுரம்

அறிகுறியைப் பார்த்தால் நீலநாக்கு நோயாக இருக்கலாம். தமிழகத்தில் அது செம்மறிகளைத் தாக்குவது பெரும்பாலும் இந்த வடகிழக்குப் பருவத்தில்தான். கொசுவைவிடச் சிறிய ஒரு கடிப்பூச்சி அதைப் பரப்புகிறது. மழைக்குப் பின் சேறும் சாணமும் தேங்கிய இடத்தில் அது பெருகும். காய்ச்சல், முகவீக்கம், மூக்குச்சளி, வாய்ப்புண், நொண்டல் என்று வரும். வந்த பின் நேர் மருந்து கிடையாது. புண்ணை ஆயிரத்துக்கு ஒரு பங்கு பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலால் கழுவி, கம்பங்கூழ் போன்ற மிருதுவான தீனி கொடுத்துக் காப்பாற்றப் பார்க்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். தடுப்பூசியைப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே, புரட்டாசிக்குள் போட்டுவிடுங்கள். பட்டியை மேடான இடத்துக்கு மாற்றி, மாலையில் வேப்பிலை, நொச்சிப் புகை போடுங்கள்.

மேய்ச்சலைப் பொறுத்தவரை, கொழுக்கட்டைப்புல் கதிர் தள்ளி விதை கொட்டும் வரை பொறுத்தால் அடுத்த வருடத்துக்கும் கொறங்காடு என்கிற வேலியடைத்த மேய்ச்சல் நிலம் நிற்கும். தளிரிலேயே கடிக்கவிட்டால் வெள்வேல் மரமும் கிளுவை வேலியும்தான் மிஞ்சும். பனி நாட்களில் காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் ஓட்டுங்கள். ஈரப்புல்லின் நுனியில் குடற்புழுக் குஞ்சுகள் ஏறி நிற்கும், வெயில் ஏறினால் இறங்கிவிடும்.

பவானிசாகர் நிறையறது எந்த மழையிலங்க?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

இரண்டிலும். ஆடியில் மேல்பவானி, குந்தா, கூடலூர் பக்கத்து நீர் பவானியிலும் மோயாற்றிலும் வரும். ஐப்பசியில் கோத்தகிரி, குன்னூர் சரிவுகளின் நீர் சேரும். கொள்ளளவு 32.8 டி.எம்.சி. அக்டோபர் முடிய 102 அடி, நவம்பர் முதல் 105 அடி வரை தேக்குவது விதி. திடீரென்று வரும் வெள்ளத்துக்கு இடம் வைப்பதற்காகத்தான் அந்த மூன்று அடி காத்திருக்கிறது.

முருங்கை மார்கழியில ஏனுங்க காய்க்க மாட்டேங்குது? விலை ஏறும்போது நம்மகிட்ட காய் இல்லை.
– விவசாயி, மூலனூர்

நவம்பர் மழையில் மகரந்தம் கழுவப்படுகிறது, தேனீ பறப்பதில்லை, ஈரம் மிகுந்து மரம் தழையில் இறங்குகிறது. அதன்பின் பனியும் குளிரும் பூவைக் கொட்டவைக்கின்றன. எல்லாருக்கும் காய் இல்லாததால்தான் விலை ஏறுகிறது. உங்களால் முடிவது, பூ எடுத்த நேரத்தில் பாசனத்தைக் குறைப்பதும், வரப்பை வெட்டி மழைநீர் அடிமரத்தில் நிற்காமல் வடிப்பதும்தான்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறார்களே, எதற்கு என்ன அர்த்தம்?
– வாசகி, சேலம்

மழை அளவும், அதனால் என்ன பாதிப்பு வரும் என்பதும் சேர்ந்ததுதான் நிறம். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை கனமழை, 204.4 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள். அறிவிப்பு மாவட்டம் முழுதுக்கும் வரும். சேலத்துக்கு ஆரஞ்சு என்றால் ஏற்காட்டுச் சரிவில் கொட்டி, சங்ககிரியில் தூறலோடு முடியலாம். உங்கள் ஒன்றியத்துக்கான அளவை மேகதூத் செயலியிலும், கோவை வேளாண் பல்கலைக்கழகம் செவ்வாய், வெள்ளியில் தரும் வேளாண் வானிலை அறிக்கையிலும் பாருங்கள். மலைப்பாதையில் பயணம் இருந்தால் மாவட்டத்தின் நிறத்தைப் பின்பற்றுங்கள், வயல் வேலைக்கு ஒன்றிய அளவைப் பின்பற்றுங்கள்.